கைநாட்டும் அமானிதமே!



கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கும், அங்கிருந்து பெருநகர மருத்துவமனைகளுக்கும் நோயாளிகள் செல்கின்றனர். அங்கே சிலரிடம், "புதிய மருந்தின் ஆய்வில் சேருகிறீர்களா?" என்று கேட்கப்படலாம். அஞ்சி ஓடவும் வேண்டாம். அறியாமல் கைநாட்டு வைக்கவும் வேண்டாம்.

ஒரு சிகிச்சை பலன் தருமா, தீங்கு செய்யுமா என்பதை நோயாளிகளின் சம்மதத்தோடு ஒப்பிட்டு அறிவதே மருந்தாய்வு. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்ற முடிவு 1959-இல் வெளியானது. அந்த ஏழைகளின் பங்களிப்பு, உலகெங்கும் நோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெற வழிவகுத்தது.

ஆயினும் நம் உடல் இறைவனின் அமானிதம். 2019-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, ஆய்வின் நோக்கமும் ஆபத்தும் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். எழுத்தறியாதவருக்கு நடுநிலையான சாட்சி வேண்டும். மறுத்தாலும், இடையில் விலகினாலும் உரிய சிகிச்சை நிறுத்தப்படலாகாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

படித்த இளைஞர்களே! மலைவாழ் சகோதரருக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்த ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டுங்கள். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அதுவும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையே.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.