குதிரை ஈனும் இரவு



தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் லக்னோவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் குதிரை என்றதும் கல்யாண ஊர்வலமே நினைவுக்கு வரும். ஜரிகைத் துணி போர்த்திய வெள்ளைக் குதிரையின்மீது மணமகன் அமர்ந்திருக்க, முன்னே பாண்டு வாத்தியம் முழங்கும். அது பெரும்பாலும் பெட்டைக் குதிரையே. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் குடும்பம் அந்த ஒரு பிராணியை நம்பியே பிழைத்துவருவதும் உண்டு. 2012ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் ஏறக்குறைய 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், 2019இல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ஆகவே, பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் பேணத்தக்கது.

குதிரை வளர்ப்போர்க்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி அலுவலகத்தில் நமக்கு வந்தது. கலைப் பட்டதாரியாகிய நமக்கு இத்துறையில் இருந்த அறிவு, சரித்திரப் பாடத்தோடு சரி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைப் பற்றிக் கூறிய மார்க்கோ போலோ, கடல் வழியே பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரியாமையால் மாண்டன என்றும், நல்ல குதிரைக்கும் கால் கோணிய குட்டியே பிறந்தது என்றும் குறித்திருக்கிறார். அவர் கூற்றை முழுதும் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், மாட்டை அறிந்த அளவுக்குக் குதிரையை நாம் அறியோம் என்பது மெய்யே. கையேட்டில் பல சொற்கள் விளங்காமையால், மார்வாரில் பாலோத்ராவை அடுத்த கிராமம் ஒன்றுக்குப் போய், நிறைசினையாக இருந்த குதிரை ஒன்றின் சொந்தக்காரரோடு சில நாள் தங்கினோம்.

பெரியவர் நம்மை முதலில் எச்சரித்தது இது: "பாபுஜி, பசுவைப் பார்த்த கண்ணால் இதைப் பார்க்காதீர்கள். பசு காத்திருக்கும், குதிரை காத்திராது." அதற்கு முந்தைய ஈற்றில் அவர் குட்டியை இழந்திருந்தார். வெண்மையான பனிக்குடப் பை தெரிய வேண்டிய இடத்தில், வெல்வெட்டுப் போன்ற சிவந்த பை ஒன்று வெளிப்பட்டதாம். தானே உடையும் என்று அவர் காத்திருந்தார். நஞ்சுக்கொடி முன்னதாகவே கருப்பையை விட்டுக் கழன்றுவிட்டது என்பதற்கு அச்சிவப்பே அடையாளம். அந்நிலையில் குட்டிக்குப் பிராணவாயு கிட்டாது. மருத்துவர் வரும்வரை காத்திராமல் பையை உடனே கிழித்துக் குட்டியை வெளிக்கொணர வேண்டும். அவருக்கு அது பின்னரே தெரிய வந்தது.

குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். 340 நாள் என்பது பொதுக் கணக்கு. 320 நாளிலும் ஈனலாம், 360 நாளைத் தாண்டியும் ஈனலாம். குட்டியின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் நிகழ்வது. அப்போது தீவனத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் தானியமும் ஆகவே ஆகா. கல்யாணப் பருவம் எவ்வளவு வருவாய் தந்தாலும் அம்மூன்று மாதங்களில் ஊர்வலத்துக்கு அனுப்பலாகாது என்பதே நம் கருத்து. கருச்சிதைவை உண்டாக்கும் ஹெர்பிஸ் நோய்க்கு எதிரான தடுப்பூசியை 5, 7, 9ஆம் மாதங்களில் போடுவது வழக்கம். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு இரணஜன்னித் தடுப்பூசியும் தேவை. ஈன வேண்டிய இடத்துக்கும் அதே காலத்தில் கொண்டுவந்துவிட வேண்டும். அவ்விடத்துக் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் தாயின் உடலில் உருவாகிச் சீம்பாலில் சேர அவ்வளவு நாள் பிடிக்கும். கடைசி நாளில் ஓட்டிவந்து கட்டுவோர் இதனை இழக்கின்றனர்.

நாம் போன நாலாம் நாள் காம்புகளின் நுனியில் மஞ்சள் நிறத்தில் மெழுகு போன்ற துளிகள் கட்டியிருந்தன. மடி பெருத்தும் வாலடித் தசைகள் தளர்ந்தும் இருந்தன. மெழுகு கட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஈனும். சில குதிரைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏமாற்றிவிடுவதும் உண்டு. லாயத்தில் புது வைக்கோலைக் கனமாகப் பரப்பினார் பெரியவர். மருத்துவருக்கும் சொல்லிவைத்தார். வாலைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, விளக்கைத் தாழ்த்தி, வெளியே சுவரோரம் உட்கார்ந்தார். ஆள் நடமாட்டம் இருந்தால் குதிரை பிரசவத்தைத் தள்ளிப்போடும். ஆதலின் பெரும்பாலும் நள்ளிரவையே தேர்ந்துகொள்கிறது.

இரவு 1 மணிக்கு மேல் அது வியர்க்கத் தொடங்கியது. படுத்தது, எழுந்தது, தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது. 2 மணி சுமாருக்குப் பனிக்குடம் உடைந்தது. நீர் கொட்டியதும் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கணம் முதல் அரை மணிக்குள் குட்டி பிறந்தாக வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கலாகாது. வெண்ணீலப் பையினுள் முதலில் ஒரு குளம்பு, அதற்குச் சற்றுப் பின்னே மற்றொன்று, முழங்காலின்மேல் சாய்ந்த மூக்கு என்ற வரிசையில் தெரிந்தன. முறையான பிரசவம் அதுவே. குளம்பின் அடிப்பக்கம் வானை நோக்கினாலோ, ஒரு கால் மட்டும் வந்தாலோ ஆபத்து. பெரியவர் இரு கைகளாலும் தம் முழங்கால்களை இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஓடி இழுக்கத் துடிக்கும் கைகளை அவர் அப்படித்தான் அடக்கினார் போலும்! இருபதாம் நிமிடத்தில் குட்டி வைக்கோலில் கிடந்தது.

அதன்பிறகும் அவர் அவசரப்படவில்லை. மூக்கின்மேல் இருந்த சவ்வை மட்டும் விலக்கினார். தொப்புள்கொடியை அறுக்கவில்லை, தாய் எழும்போது அது தானே அறும். அறுந்த நுனியை மருத்துவர் கொடுத்திருந்த குளோர்ஹெக்சிடின் கரைசலில் தோய்த்தார். பின்பு மீண்டும் வெளியே வந்துவிட்டார். ஒரு மணிக்குள் குட்டி எழ வேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் கொடி விழ வேண்டும் என்று குதிரை வளர்ப்போர் கணக்கு வைத்திருக்கின்றனர்.

நம் ஊரில் சீம்பாலை வெல்லம் சேர்த்துக் காய்ச்சி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து உண்போம். குதிரையின் சீம்பாலில் எவர்க்கும் பங்கில்லை. மனிதக் குழந்தை நோய் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியைக் கருவிலேயே பெற்றுவிடும். குதிரைக்குட்டி அதுவும் இன்றியே பிறக்கிறது. முழுவதும் சீம்பாலில்தான் கிடைக்க வேண்டும். அதையும் குட்டியின் குடல் பிறந்த சில மணி நேரமே நன்கு ஏற்கும். 24 மணியில் அந்த வாயில் மூடிவிடும். முதல் நாள் முடிவில் இரத்தச் சோதனை செய்தால் போதிய அளவு சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

அன்று குட்டி நாலு முறை விழுந்து ஐம்பதாம் நிமிடத்தில் நின்றது. மடியைத் தேடிச் சுவரையும் பெரியவரின் துப்பட்டியையும் சப்பிப் பார்த்தபின் காம்பைக் கண்டுகொண்டது.

பசுவின் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டல்லவா? பெரியவர் குதிரையின் கொடியைத் தரையில் விரித்துப் போட்டு விளக்கைப் பிடித்தார். இரண்டு கால்களும் நுனி மூடிய கால்சட்டை போன்றது அதன் வடிவம். குட்டி வெளிவந்த வாய் தவிர வேறு கிழிசல் இருத்தலாகாது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் கருப்பையில் சீழ் பிடிக்கும்; குளம்பும் வெந்து நொண்டும்; உயிருக்கே மோசம் வரும். பசுவுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் பொறுக்கலாம். குதிரைக்கு மூன்று மணியைத் தாண்டினால் மருத்துவர் வந்தே ஆக வேண்டும். தொங்கும் கொடியைக் கையால் இழுப்பது பெரும் பிழை. அன்று 4 மணிக்கு முன்பே அது முழுமையாக விழுந்திருந்தது.

விடிந்தபின் குட்டி கறுத்த முதல் மலம் கழித்ததும் பெரியவர் தேநீர் அருந்தினார். ஒரு வாரம், பத்து நாளில் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அப்போது குட்டிக்கு வயிறு இளகுவது இயல்பே. ஆனால் குட்டி பால் குடிக்காமல் சோர்ந்து படுத்தால் அதை இயல்பென்று விட்டுவிடலாகாது.

பால் கொடுக்கும் தாய்க்குச் சினைக்காலத்தைவிட மிகுதியான தீனியும் தண்ணீரும் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் பால் சுரப்பது அதற்குச் சாதாரணம். ஐந்தாறு மாதத்தில் குட்டியைப் பிரிக்கலாம். நாம் புறப்பட்ட அன்று, அந்தப் பருவத்துக்கு வந்திருந்த இரண்டு கல்யாண அழைப்புகளைப் பெரியவர் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.