உடன்பயில்வோர் தரும் காற்பங்கு



மாணவன் எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் ஆசிரியரிடமிருந்து அவனுக்குக் கிட்டுவது காற்பங்கு புலமையே என்கிறது, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். இன்னொரு காற்பங்கு உடன்பயில்வோரோடு பழகுவதால் வரும். எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும். ஆசிரியர்களுக்கு இக்கணக்கு சற்றுக் கசக்கும்.

அந்த இரண்டாம் காற்பங்கைத் தேடி, இங்கே சிங்கப்பெருமாள் கோவிலில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை 'எங்கள் ஊர்ச் சாலை' பற்றி எழுதச் செய்து, கட்டுரை ஏடுகளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஒரகடம் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் எல்லார் கட்டுரையிலும் ஓடின. கருத்துரைகளோ இரண்டே வகை. நண்பன் எழுதியதென்றால் 'மிக அருமை'. மற்றவன் எழுதியதென்றால் ஒற்றுப்பிழைப் பட்டியல். இரவுப் பணி முடித்து அப்பேருந்தில் வந்திறங்கும் தந்தையைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் ஏட்டில் பதினோரிடத்தில் வட்டமிட்டிருந்தார்கள். தந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வாரம் அவள் நான்கே வரி எழுதினாள், பிழையே இல்லாமல். வட்டமிடும் பழக்கத்தை அவர்கள் என் சிவப்பு மையிடமிருந்தே கற்றிருந்தார்கள்.

மீண்டும் நன்னூலிடமே சென்றேன். நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் அது வகுத்துள்ளது. குன்றக்கூறல், மிகைபடக்கூறல், சென்று தேய்ந்திறுதல் என்னும் பெயர்கள் எழுதியவனை வையவில்லை, எழுத்தையே சுட்டுகின்றன. குன்றக்கூறலை மட்டும் எடுத்துக் கேள்வியாக்கினேன்: 'எந்த இடத்தில் இன்னும் கேட்க விரும்பினாய்?' ஒற்றுப்பிழை என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன். அம்மாணவியின் இசைவோடு பழைய கட்டுரையை மறுபடி படித்தபோது ஒருவன் எழுதினான்: 'அப்பா வரும் நேரத்தில் நீ பள்ளிக்குக் கிளம்புகிறாய். பிறகு எப்போது பேசிக்கொள்வீர்கள்?' அவள் இரண்டு பக்கம் விடை எழுதினாள்.

தொல்காப்பியம் அரங்கேறியபோது அதங்கோட்டாசான் குற்றங்கூறக் கூற, தொல்காப்பியர் விடையிறுத்தார் என்கிறார் நச்சினார்க்கினியர். இருவரும் அகத்தியரின் மாணாக்கர் என்பதும் அவர் கூற்றே. குற்றம் கண்டவர் உடன்பயின்றவர்!

நம் மாத அரங்கிலோ பத்தாண்டுகளாகக் கவிதை முடிந்ததும் கைதட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். வரும் மாதம் கவிதையைப் படியெடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். ஒருவரேனும் அக்கேள்விக்கு விடை எழுதி வரட்டும். முதற்கவிதை என்னுடையதாக இருக்கட்டும்.