நுகத்தடியில் பூட்டாத வெயின்



இதே ஹாஸ்டலில் ஒரு ராத்திரி டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவன் நான். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்பா விவசாயி. அனாடமி வைவாவில் 'அஸைகஸ் வெயின்' கேட்டார்கள், வாயே திறக்கவில்லை. "உனக்கெல்லாம் எதுக்குப்பா இந்தப் படிப்பு?" என்றார் ஒருவர். பெயர் வேண்டாம்.

பக்கத்து ரூம் சீனியர் பெட்டியைப் பார்த்துவிட்டார். "எதுல மாட்டுனே?" சொன்னேன். "வீட்ல மாடு இருக்கா?" இருக்கு என்றேன்.

"ஸைகான்னா கிரேக்கத்துல நுகத்தடி. முன்னால 'அ' போட்டா இல்லைன்னு அர்த்தம். நுகத்தடியில பூட்டாத ஒத்தை மாடுடா அது! நெஞ்சுக்குள்ள வலப்பக்கமா ஏறுது. இடப்பக்கம் அதுக்குச் சரியான ஜோடி கிடையாது. அவ்வளவுதான்."

பெட்டியைப் பிரித்து லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் வார்த்தைகளை உடைத்துப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. கேப்பிலரிக்கு வேர் லத்தீனில் தலைமயிர். கொரோனரிக்கு மாலை, கிரீடம். இதயத்தைச் சுற்றிச் சூட்டியது போல இருப்பதால். கரோடிட்டுக்குக் கிரேக்கத்தில் மயக்கம். கழுத்தில் அதை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். (ஹாஸ்டலில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.)

எனக்குப் பிடித்தது ஆர்ட்டரி கதை. பழைய கிரேக்கர்களுக்கு ஆர்ட்டீரியா என்றால் மூச்சுக்குழாய். பிணத்தை அறுத்தால் ஆர்ட்டரிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும்; ரத்தம் வெயின்களில் தேங்கியிருக்கும். அதனால் ஆர்ட்டரியில் காற்றுதான் ஓடுகிறது என்று நம்பியவர்கள் உண்டு. உள்ளே இருப்பது ரத்தமே என்று கி.பி. 2-ம் நூற்றாண்டில் கேலன் உயிருள்ள பிராணிகளில் காட்டினார். ரத்தம் சுற்றி வருவதை 1628-ல் ஹார்வி எழுதினார். பெயர் மட்டும் மாறவில்லை. அசல் மூச்சுக்குழாய்க்குச் 'சொரசொரப்பான ஆர்ட்டீரியா' என்று பெயர்; அந்தச் சொரசொரப்புதான் இன்றைய டிரக்கியா. பெயர் வைத்தவர்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்பது தெரிந்திருந்தால், அன்று வைவாவில் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

கடைசியாக அதெரோஸ்கிளிரோசிஸ். 1904-ல் மார்ஷாண்ட் என்ற ஜெர்மானியர் சேர்த்த சொல். 'அதேரே' என்றால் கூழ், 'ஸ்கிளிரோசிஸ்' என்றால் கெட்டிப்படுதல்.

என் அப்பா வயதில் ஒரு பெரியவர், நெஞ்சுவலியோடு வந்தவர், ஆஞ்சியோகிராம் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு நாள் பிடிவாதம். கொழுப்பு, பிளாக் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள், "குழாயோட உள்சுவத்துல கூழ் மாதிரி படிஞ்சு கெட்டியாயிருக்குங்க பெரியவரே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அடுப்புல வச்ச சட்டி மாதிரியா?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

போகும்போதுதான் சந்தேகம் வந்தது அவருக்கு. "அப்ப இனிமே கூழு குடிக்கக் கூடாதுங்களா?"

"தாராளமா குடிங்க. பீடியைத்தான் விடணும்."