தூற்றத் தெரிந்த கை



ஊரே அவரைத் தூற்றியது என்றால் சட்டென்று புரிந்துவிடுகிறது: பழி பேசியிருக்கிறார்கள். சோளத்தைத் தூற்றினார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பட்டணத்துப் பிள்ளைகளை விடுங்கள், ராசிபுரத்துப் பிள்ளைகளே முழிக்கிறார்கள். களத்துமேட்டில் பிழைத்த சொல் வசைக்கு மட்டும் மிஞ்சிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

தூற்று என்பது தூறு என்பதிலிருந்து வந்தது. வானம் தூறுகிறது, தூறல் விழுகிறது என்கிறோமே, அதே தூறுதான். சிறுசிறு மணியாக விழுவது தூறுதல். அப்படி விழச் செய்வது தூற்றுதல். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, தூவுதல், பதர் போக்குதல், பழி பரப்புதல் என்று பல பொருள்களை இந்த ஒரே சொல்லின் கீழ் தருகிறது. பதர் போக்கும் வேலைக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் சொல் காற்று என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் காற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் விழுகிற மணியைப் பார்த்து வைத்தார்கள்.

அந்த விழுதலில்தான் கலையே இருக்கிறது. சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் சோளம், கொள்ளு, கேழ்வரகு எல்லாம் அறுத்து அடித்தபின், மணியும் சருகும் தூசும் ஒரே குவியலாகக் கிடக்கும். மொறத்தில் அள்ளி, தலைக்கு மேல் தூக்கி, காற்று வரும் திசைக்குப் பக்கம் காட்டி நின்று, விளிம்பைக் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் காற்று உள்ளே நுழையாது. சருகும் மணியோடு சேர்ந்தே இறங்கும். மெல்லிய திரையாக விழுந்தால், கனத்த மணி காலடியிலேயே விழும். அரைமணி கொஞ்சம் தள்ளி விழும். பதர் அதற்கும் அப்பால் போகும். மணிக்கட்டை நடுங்கவிடாமல், ஒரே அளவாகச் சரியவிடுவது லேசில் வராது. மொறத்தை எவ்வளவு உயரம் தூக்குவது என்பதும் அன்றைய காற்றைப் பொறுத்தது.

காலடியில் விழுந்த கனத்த மணியை விதைக்கு எடுத்து வைப்பார்கள். தராசும் இல்லாமல் சல்லடையும் இல்லாமல் காற்றே தரம் பார்த்துக் கொடுத்த விதை அது. கடைசியில் ஒதுங்கியது கோழிக்கும் மாட்டுக்கும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியைச் சமயம் பார்த்துச் சுருட்டிக்கொள்வதற்கு இன்று சிலர் பயன்படுத்துகிறார்கள். அது அநியாயம். தை, மாசிக் களத்தில் காற்று கொஞ்ச நேரம் வீசும், பிறகு நின்றுபோகும். ஆடிக் காற்றோ அம்மியையே தூக்கும் என்பார்கள்; அதில் தூற்றினால் மணியும் சேர்ந்து பறந்துவிடும். அளவான காற்று வரும்போது கதிர் அடித்து, களம் கூட்டி, ஆள் தயாராக நிற்க வேண்டும். முன்னேற்பாட்டைச் சொன்ன பழமொழி அது.

தூற்றுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. கல்லைக் காற்று பிரிக்காது. அது மணியோடு சேர்ந்தே விழும். அதற்குப் பிறகு மொறத்து வேலை. தட்டித் தட்டி மேலே எழுப்பி உமியை வெளியேற்றுவது புடைத்தல். பக்கவாட்டில் ஆட்டிப் பெரியதையும் பொடியையும் பிரிப்பது கொழித்தல். கல்லை ஒதுக்க மெல்ல அசைப்பது நாவுதல். மூங்கில் மொறம் புதிதாக வந்தால் சாணி பூசிக் காயவைத்து இடுக்கை அடைத்த பிறகே இதெல்லாம். இல்லாவிட்டால் கேழ்வரகு ஒழுகிவிடும்.

இந்தக் கலையைப் புகழும்போது அதன் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். கொல்லிமலையில் சாமை விளைச்சல் குறைந்ததற்கு மரவள்ளிக்குக் கிடைத்த காசு ஒரு காரணம். சாமையை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்கப் பெண்கள் பட்ட பாடு இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மலைக் கிராமங்களுக்கு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டு சேர்த்தது நல்ல காரியம். கை நோகக் குத்தினால்தான் பாரம்பரியம் என்று யாரும் பேச வேண்டாம். ஆனால் இயந்திரத்தில் போட்டு எடுத்த சாமையிலும் உமி கொஞ்சம் தங்கும். கடைசிச் சுத்தம் இன்னும் மொறத்தில்தான்.

இப்போது பல இடங்களில் கொள்ளுச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி மிதித்தபின் ஓரத்தில் நின்று தூற்றுகிறார்கள். வண்டியில் போகிறவர்களுக்கும் ஆபத்து, தூற்றுகிறவர்களுக்கும் ஆபத்து. ஊராட்சிகள் உலர்களம் கட்டும்போது, கட்டடங்களுக்கு நடுவில் காலியாகக் கிடக்கும் மூலையைத் தேடாமல், காற்று தடையில்லாமல் வரும் மேட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த மேட்டில் காற்று வரும் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் தனியொருவராக முயன்று கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்திருக்கிறார். அவரைப்போல நீங்களும், உங்கள் வீட்டு அப்பத்தாவும் அம்மாயியும் மொறத்தைப் பிடிக்கும்போது, ஒவ்வொரு அசைவுக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு, ஊர்ப் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த அறுவடையிலேயே கேளுங்கள்.