விமானத்தில் கேட்கும் விம்மல்



விம்மல்கள் பாடத்தை இரண்டு இசைக்கவைகளோடு முடித்துவிடுகிறோம். “இது எங்கே சார் பயன்படும்?” என்று மாணவர் கேட்டால், நான் இரட்டை எஞ்சின் புரொப்பெல்லர் விமானத்தைச் சொல்வேன்.

கரும்பலகையில் கணக்கைப் போடுங்கள். மூன்று தகடுள்ள ஒரு புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றுகிறது, மற்றது 2380. முதலாவதன் ஒலி நொடிக்கு 120 அதிர்வு, அடுத்தது 119. ஆக, நொடிக்கு ஒரு விம்மல். ‘வூம்… வூம்…’ என்று மணிக்கணக்கில் கேட்டால் யாருக்கும் தலை வலிக்கும்.

ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் தனித்தனியே கவர்னர் உண்டு. வேகம் கூடினால் அதன் சுழலும் எடைகள் விரியும். எண்ணெய் அழுத்தம் மாறித் தகடுகளின் கோணம் கூடும். காற்றின் தடை மிகுந்து வேகம் குறையும். ஆனாலும் இரு கவர்னர்களும் அச்சாக ஒத்துப்போவதில்லை. அப்போது விமானி நெம்புகோலை மெல்ல நகர்த்துவார். விம்மல் விரைந்தால் நகர்த்திய திசை தவறு. நீண்டு நீண்டு மறைந்தால் சரி. மீட்டர் காட்டாத சிறு வித்தியாசத்தையும் காது காட்டிவிடும்!

இதையே தானாகச் செய்வது சின்க்ரனைசர். பழைய வகைகளில் ஒரு எஞ்சின் தலைமை, மற்றது அதைப் பின்பற்றும். அதைப் பல விமானங்களில் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் அணைத்துவைப்பார்கள். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். தலைமை எஞ்சின் நின்றுபோனால், நன்றாக ஓடும் எஞ்சினும் அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கத் தொடங்குமே!