தட்டிலே நிறம் வேணும்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். அடுப்பு வேலையும் காத்துக் கிடக்கும். ஆகவே நீட்டாமல் பேசப் பார்க்கிறோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். முன்பு இதே மாதிரி ஒரு கூட்டத்தில், பீட்ரூட் பிரஷருக்கு நல்லது என்று சொன்னோம். அதைக் கேட்ட ஒரு பெரியவர் தினமும் பீட்ரூட் சாறு குடித்தார். குடித்தது சரி. ஆனால் டாக்டர் கொடுத்த பிரஷர் குளிசையையும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு விடியற்காலை வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, லொறியிலே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. உயிர் தப்பினார். கை இன்னும் முழுதாக வரவில்லை. பார்க்கப் போனபோது, "நீங்கதானே ஐயா சொன்னீங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் வரவில்லை. நாங்கள் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

காய்கறியின் நிறம் சும்மா அழகுக்கு வந்தது அல்ல. வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி செய்யும் பொருள்கள் அதில் அடங்கும். இதற்குத் தூர எங்கும் போக வேண்டாம். நீங்கள் கிள்ளும் கொழுந்தையே பாருங்கள். பச்சைக் கொழுந்தில் கேட்டக்கின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு நிறம் கிடையாது. ஃபெக்டரியில் ரோலரில் இலை நசுங்கிக் காற்றுப் பட்டதும், இலைக்குள்ளே இருக்கிற நொதி அதை மாற்றுகிறது. செம்பு நிறம் வருகிறது. சாயத் தண்ணியின் பளிச்சென்ற செம்மஞ்சளுக்குத் தியாஃபிளேவின் என்று பெயர், கருஞ்சிவப்புக்குத் தியாரூபிஜின் என்று பெயர். உலகம் முழுவதும் காசு கொடுத்து வாங்குகிற அந்த நிறம் உங்கள் விரலிலிருந்து போனது.

ஒல்லாந்து தேசத்தில் சுட்ஃபன் என்ற ஊரில் 65 முதல் 84 வயது வரையான 805 ஆண்களை ஐந்து வருடம் கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டார்கள். தேயிலை, வெங்காயம், ஆப்பிள் இவற்றில் இருக்கிற ஃபிளேவனொய்ட் என்ற பொருள்களைக் கூடுதலாக எடுத்தவர்களில் மாரடைப்புச் சாவு குறைவு. அவர்களுக்கு அந்தப் பொருளில் பாதிக்கு மேல் கிடைத்தது தேயிலையிலிருந்துதான்! ஆனால் 1997இல் வேல்ஸில் கேர்ஃபிலி என்ற ஊரில் அதே மாதிரி பார்த்தபோது அந்தப் பலன் காணவில்லை. ஆகவே தேத்தண்ணியை மருந்து என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நல்ல பானம், அவ்வளவுதான்.

அதைக் குடிக்கும் விதத்தில்தான் நமக்குப் பிரச்சினை. ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நல்லது என்று சொல்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிதான், அதுவும் பிஸ்கட், சோடா எல்லாம் சேர்த்து. தேத்தண்ணியின் நன்மையைச் சீனி தின்றுவிடுகிறது. ஒரேயடியாக விட முடியாது, எங்களுக்கும் முடியவில்லை. மாதம் அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்குப் பழகிவிடும்.

இரண்டாவது, பெண்களுக்கு முக்கியமானது. ரொட்டியோடும் சோற்றோடும் சாயத் தண்ணி குடித்தால், கீரை பருப்பில் இருக்கிற இரும்புச் சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் போய்விடும். மலை ஏறும்போது மூச்சு வாங்குது, தலை சுத்துது என்கிறீர்களே, இரத்தச் சோகை இருக்கலாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்தால், அல்லது ஒரு கொய்யாப்பழம் சேர்த்தால், இரும்பு நன்றாகச் சேரும்.

இனிக் கறிச் சட்டிக்கு வருவோம். காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, இரவுக்கு மறுபடி ரொட்டி. தட்டு முழுக்க வெள்ளை! நிறம் என்றால் மிளகாய்ச் சம்பல் மட்டும், அதிலும் உப்புக் கூட. 2022இல் விலை ஏறியதிலிருந்து இன்னும் மோசம் என்பது எங்களுக்குத் தெரியும். நம் மலையில் விளையும் கரட்டும் கோவாவும் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகிறது, லயத்துக்கு வருவதில்லை. இது உங்கள் குற்றமல்ல.

ஆனாலும் லயத்துக்குப் பின்னால் ஒரு பாத்தி இடம் இருக்கிறவர்கள் பொன்னாங்காணி, வல்லாரை போடலாம். கீரையின் பச்சைக்குள்ளே மஞ்சள் நிறப் பொருளும் மறைந்திருக்கிறது. கரட்டிலும் பப்பாசிப் பழத்திலும் அது வெளியே தெரிகிறது. இந்த மஞ்சள் எண்ணெயில் கரைவது. ஆகவே பச்சையாகக் கடிப்பதைவிட, கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் வதக்கினால் உடம்பில் கூடச் சேரும். பீட்ரூட்டின் சிவப்பு அப்படியல்ல, தண்ணீரில் கரைவது. அவித்த தண்ணியை ஊற்றிவிட்டால் சத்தும் ஊற்றோடு போகும். பிரஷரைச் சிறிது இறக்குவது உண்மையில் அந்தச் சிவப்பல்ல, பீட்ரூட்டிலும் கீரையிலும் இருக்கிற நைட்ரேட் என்ற உப்பு. இறக்குவது கொஞ்சம்தான், குளிசையின் இடத்தைப் பிடிக்காது.

பீட்ரூட் தின்ற அடுத்த நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். இரும்புச் சத்துக் குறைந்தவர்களில் இது கூடுதலாகக் காணப்படும். பீட்ரூட் தின்னாமலே சிவந்தால் உடனே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

சிவப்பரிசியின் நிறம் தவிட்டில் இருக்கிறது. தீட்டத் தீட்ட நிறமும் நாரும் போய்விடும். சீனி வருத்தக்காரர்களுக்கு வெள்ளையைவிடச் சிவப்பு நல்லது, ஆனால் சிவப்பு என்று இரண்டு தட்டுப் போட்டால் பலனில்லை.

ஒரு எச்சரிக்கை. களைக்கு மருந்தடித்த மலையில் கீரை பிடுங்க வேண்டாம், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும்.

நிறச் சத்துக் குளிசை என்று டவுனில் விற்கிறார்களே, வாங்கலாமா என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். ஃபின்லாந்தில் புகைக்கிற ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி, 1994இல் முடிவைச் சொன்னார்கள். கரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினைக் குளிசையாகக் கொடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. கரட் தின்பது வேறு, அதன் ஒரு பொருளைப் பிரித்து விழுங்குவது வேறு. பீடி குடிக்கிறவர்கள் அந்தக் குளிசைப் பக்கமே போக வேண்டாம். பீடியையும் விட்டால் இருதயத்துக்கு எந்தக் கீரையையும்விட நன்மை.

பிரஷர், சீனிக் குளிசை எடுப்பவர்கள் யாராவது நிறுத்தியிருந்தால், கூச்சப்படாமல் இன்றே சொல்லுங்கள். யாரும் ஏச மாட்டோம். பிரஷர் மெஷின் அந்த மூலை மேசையில் இருக்கிறது. நாற்பது வயது தாண்டியவர்கள் முதலில் வரட்டும். வெளியே தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், பிரஷர் பார்த்த பிறகு குடியுங்கள். இப்போதே குடித்துவிட்டவர்கள் அரை மணித்தியாலம் இருந்து வாருங்கள், இல்லாவிட்டால் அளவு கூடக் காட்டும்.