இல்லத் தூசும் உறிஞ்சு குழாயும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

காப்பியமும் கலையும் பேசப்படும் இம்மேடையில் கணவனும் மனைவியுமாக நாங்கள் தூசு பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிப்பவர் சிரிக்கலாம். ஆயினும், காற்றெழும்பும் கோடை நாள்களில், காலையில் பெருக்கிய திண்ணையில் நண்பகலுக்குள் விரலால் பெயர் எழுதலாம் என்பதை அறியாத இல்லத்தரசி இவ்வவையில் எவரேனும் உண்டோ?

அத்தூசு எங்கிருந்து வருகிறது என்பதும் நாம் அறிந்ததே. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்து கால் ஊன்றியது தொடங்கி, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை, பொன்னைப் பிரித்தெடுத்தபின் ஆலைகள் ஒதுக்கிய மண்ணே நம்மைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகள். மேடுகள் 13, மண் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன். மாவைப்போல் அரைபட்ட கல் அது. பொன் போயிற்று, பொடி நின்றது.

கல் தூசு நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு பெற்றதே 1947இல், நம் கோலார் சுரங்கங்களிலிருந்துதான். 1940 முதல் 1946 வரை நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் அந்நோய் காணப்பட்டது. எங்களில் ஒருவரின் தந்தையார் சாம்பியன் ரீப்பில் இறங்கி உழைத்தவர். தம் இறுதி ஆண்டுகளில் படுத்து உறங்க இயலாமல், சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தவர். சுரங்கத் தூசையும் வீட்டுத் தூசையும் ஒன்றெனச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அவர் இருமலைக் கேட்டு வளர்ந்த செவிக்கு, பேரக் குழந்தை இருமும் ஒலி வேறாகவும் படவில்லை.

துடைப்பம் என்ன செய்கிறது? பருமண்ணைத் தள்ளுகிறது, நுண்மண்ணை எழுப்புகிறது. சன்னல் வழியே விழும் வெயிற்கதிரில் நின்று பாருங்கள், விளங்கும். கடையில் வாங்கும் சிறு உறிஞ்சு பொறியும் முற்றிலும் நல்லதன்று. முன்வாயால் உறிஞ்சிய காற்றைப் பின்வாயால் அதே அறைக்குள் விடுகிறது. பை தளர்வாயின் நுண்தூசும் உடன் திரும்பும். ஹெப்பா வடிகட்டி உள்ளவை மேல், விலையும் மேல்.

கனடாவில் குடியேறிய எங்கள் மகள் இல்லத்தில் சில திங்கள் தங்கியபோதுதான் வேறொரு முறையைக் கண்டோம். பொறி, வீட்டுக்கு அடியில் நிலவறையில் ஒரு மூலையில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு அங்குலக் குழாய் சுவர்களுக்குள் ஓடி, ஒவ்வொரு தளத்திலும் மூடியிட்ட ஒரு வாயில் முடிகிறது. மூடியைத் திறந்து, முப்பது அடி நெகிழ்குழாயைச் செருகினால் பொறி தானே இயங்கும். தூசு நிலவறைக் கலத்தில் விழும், காற்று வெளியேறும். அறையில் இரைச்சலும் மிகுதி இல்லை.

இது புதுமையென எண்ணினோம், இல்லை, பழமையே. 1901இல் இங்கிலாந்தில் ஹூபர்ட் பூத் என்னும் பொறியியலார் அமைத்த முதற்பொறி, குதிரை பூட்டிய வண்டியில் தெருவில் நிற்கும். குழாய்கள் மட்டுமே சன்னல் வழியாக வீட்டுக்குள் செல்லும். (அதற்கு அடுத்த ஆண்டில்தான் சிவசமுத்திரத்து மின்சாரம் நம் சுரங்கங்களை வந்தடைந்தது.) பின்னர் அமெரிக்காவில் ஸ்பாங்ளர் என்னும் ஆஸ்துமா நோயாளி, கட்டடங்களைத் துப்புரவு செய்து பிழைத்தவர், தம் மூச்சுத் தொல்லை பொறாமல், விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் கொண்டு கையில் தள்ளும் பொறியை ஆக்கினார். 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஊர் திரும்பினோம். லைன் வீட்டை ஒட்டி நாங்கள் எழுப்பிய இரண்டு அறைகளுக்கு நிலவறை ஏது? எனவே பீப்பாய் வடிவப் பொறியொன்றை வாங்கிப் பின்தாழ்வாரத்தில் வைத்தோம். இரண்டு அங்குல பிவிசி குழாயைச் சுவரோரமாக இருபத்தைந்து அடி ஓட்டி, அறைக்கொரு வாய் வைத்தோம். முதல் மாதமே அடைத்துக்கொண்டது! நேர் மூலையாய்த் திரும்பும் எல்போவை வைத்ததே பிழை. துடைப்ப ஈர்க்கு ஒன்று அங்கே குறுக்கே நிற்க, அதில் தலைமயிர் சுற்றி, பஞ்சு படிந்து, அணையே கட்டிவிட்டது. அறுத்தெடுத்து, நீண்டு வளையும் பெண்டுகளை வைத்தோம். பசையைச் செருகும் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் பூச வேண்டும். உள்ளே வழிந்து உறைந்த பசைத்துளியும் மயிரைப் பிடிக்கும். ஒரு வாய் திறந்திருக்க மற்றது இறுக மூடியிருக்க வேண்டும். மூடியில் ரப்பர் வளையம் இல்லையேல் பொறி வெறும் காற்றையே குடிக்கும்.

இனிச் சொல்லப்போவது எங்கள் வெட்கம். நம் லைன்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதை மறந்தோம். பொறியின் கழிவுக்காற்று தாழ்வாரத்தைத் தாண்டி, அடுத்த வீட்டு அம்மையார் உலர வைத்த வடகத்தின்மேல் வீசிற்று. அவர் தட்டோடு வந்து எம் வாயிலில் நின்றார். "உங்க வீடு சுத்தமாயிடுச்சு, சரி. என் வீடு?" என்றார். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

அன்று மாலையே பொறியை நிறுத்தினோம். நுண்வடிகட்டி ஒன்று வாங்கிப் பொருத்தி, கழிவுக்குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்திய பின்னரே மீண்டும் இயக்கினோம். பீப்பாயில் சேரும் பொடியை உலர்ந்தவாறு கொட்டுவதில்லை. முதலில் நீர் தெளித்துக் குழைத்து, பின்னரே அப்புறப்படுத்துகிறோம். கீழே பாறையைத் துளைக்கையில் நீர் பாய்ச்சித் துளைத்தால் தூசு எழாது என்பதை நம் தந்தையர் சுரங்கத்தில் கண்டதுதானே!

செலவைக் கேட்பீர்கள். பொறிக்குத்தான் பெரும்பணம், குழாய்ச் செலவு சிறிதே. பொறி வாங்க இயலாதார் ஈரத்துணியால் தரை துடைப்பதே துடைப்பத்தினும் நன்று; அதனை நாங்களும் விட்டுவிடவில்லை. காற்று மிகும் நாள்களில் மேட்டுப் பக்கத்துச் சன்னலைப் பகலில் அடைத்து வைக்கிறோம். மேடுகள் நிற்கும் மட்டும் தூசு வரத்தான் செய்யும்.

குழாய் அமைப்பைக் காண விரும்புவோர் ஞாயிறு காலை எங்கள் இல்லத்துக்கு வரலாம். அடுத்த வீட்டு அம்மையாரே வந்து இயக்கிக் காட்டுவார்; அவர் வீட்டுக்கும் ஒரு வாய் வைக்கச் சென்ற மாதம் சுவரைத் துளைத்தோம்.